ஒரே சுவர், இரண்டு விரிசல்

1

போன கார்த்திகையில் எங்கள் வீட்டு விரிசல்களைப் பார்க்க ஒருவர் வந்தார்.

நெதர்லாந்தின் வடக்கு மூலையில், கோதுமை வயல்களுக்கு நடுவே இருக்கும் சின்ன ஊர் எங்களுடையது. இந்தப் பக்கம் பூமிக்கடியிலிருந்து பல காலம் எரிவாயு எடுத்தார்கள். எடுக்க எடுக்க நிலம் உள்ளே இறங்கி, அவ்வப்போது லேசாக நடுங்க ஆரம்பித்தது. பாத்திரம் உருண்டு விழுகிற நடுக்கம் இல்லை. ஆனாலும் செங்கல் வீடுகளில் கீறல் விட்டது. எரிவாயு எடுப்பதை இப்போது நிறுத்திவிட்டார்கள். கீறல்கள் நிற்கவில்லை. அதனால் அரசாங்கம் ஆள் அனுப்பி வீடு வீடாகப் பார்த்து இழப்பீடு கொடுக்கிறது. கடன் வாங்கி நாங்கள் வாங்கிய பழைய வீடும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது.

வந்தவர் ஜன்னலுக்கு மேலே படி போல இறங்கும் விரிசலைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அவர் எதுவும் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன், நாங்கள் வீடு வாங்கும்போதே அது இருந்தது என்று. என் டச்சு இன்னும் நொண்டி. காலத்தைத் தப்பாகச் சொல்லி, திருத்தி, மறுபடியும் சொன்னேன். என் ஆறு வயது மகள் இனியா பக்கத்தில் நின்று என் உச்சரிப்பையும் திருத்தினாள். சமையலறையிலிருந்து என் கணவர் தமிழில் சத்தம் போட்டார்.

"உன்னை இப்ப யாரு கேட்டா, சுதா?"

வந்தவர் சிரித்தார். எப்போது வந்தது என்று நீங்கள் காட்ட வேண்டியதில்லை, நிலநடுக்கத்தால் வரவில்லை என்றால் அதை நாங்கள்தான் காட்ட வேண்டும், சட்டம் அப்படி இருக்கிறது என்றார்.

இதைப் படிக்கும்போது 'பார்த்தீர்களா, அந்த நாடு!' என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் ஒரு நிமிடம் தோன்றியது. ஆனால் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஹென்க்கின் வீட்டை இரண்டு பக்கமும் மரக்கட்டைகளால் முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். ஒருவர் வந்து அறிக்கை எழுதுவார், அதை மறுத்து இன்னொருவர் எழுதுவார், மூன்றாவது ஆள் இருவரையும் மறுப்பார். கட்டைகளில் பாசி பிடித்துவிட்டது. அந்தச் சட்டம் வருவதற்கே எத்தனை கூட்டம், எத்தனை ஊர்வலம் என்று ஹென்க் சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் மனைவி அந்தக் கட்டைகளைப் பார்த்துக்கொண்டேதான் கடைசி நாட்களைக் கழித்தார்.

விரிசல் பார்க்க வந்தவரை அனுப்பிவிட்டுக் கைபேசியை எடுத்தால், என் தம்பி கண்ணனின் அழைப்புகள் வரிசையாக இருந்தன.

"அக்கா, இங்கயும் வீடு பாக்க வந்தாங்கக்கா. பழைய விரிசல்னு எழுதிட்டுப் போயிட்டாங்க."

2

நான் பிறந்த ஊர் வலங்கைமானுக்கு அருகே. போன வருடம் சம்பா நடவு முடிந்து பயிர் பச்சை பிடித்த நேரத்தில், விடாமல் மழை. வயலில் நின்ற தண்ணீர் வடிய வழியில்லாமல் எங்கள் தெருவுக்குள் ஏறியது. காலனித் தெரு பள்ளத்தில் இருக்கிறது. எங்களுக்கு இடம் கொடுத்தவர்கள் மேட்டைக் கொடுக்கவில்லை. வடிகால் வாய்க்கால் முழுக்க ஆகாயத்தாமரை அடைத்துக் கிடந்தது. போதாததற்குச் சாலையை அகலப்படுத்தியபோது கட்டிய மதகு பழையதைவிடக் குறுகல். சாலை பெரிதானது, தண்ணீர் போகும் வழி சிறிதானது. அம்மா அடுப்பைக் கட்டில்மேல் ஏற்றி வைத்துச் சமைத்தாள். அப்புறம் கட்டிலும் நனைந்தது. எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள்.

அம்மா இருப்பது தொகுப்பு வீடு. நான் பிறப்பதற்கு முன்னால் அரசாங்கம் வரிசையாகக் கட்டிக் கொடுத்தது. இரண்டிரண்டு வீடாக ஒட்டிக் கட்டியிருப்பார்கள். நடுவில் ஒரே சுவர், மேலே ஒரே தளம். எங்களுக்கு அந்தப் பக்கம் வசந்தா அக்கா வீடு. கட்டும்போது அப்பாவே கூலிக்குக் கலவை சுமந்திருக்கிறார். "சிமெண்டைக் காட்டினாங்க, மணல்ல கட்டினாங்க" என்பார். அவர் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. தளத்திலிருந்து காரை உதிர்வதும், உள்ளே கம்பி துருப்பிடித்துத் தெரிவதும் அந்தத் தெருவில் யாருக்கும் புதிதில்லை. தட்டில் காரை விழுந்தால் தட்டை நகர்த்திக்கொண்டு சாப்பிடுவார்கள்.

மழைக்குப் பிறகு நடுச்சுவர் பிளந்துவிட்டது. ஒரு விரல் உள்ளே போகிறது என்று கண்ணன் வீடியோவில் விரலை விட்டுக் காட்டினான். நான் கத்தினேன், எடுடா கையை என்று.

வந்த அதிகாரி அம்மாவிடம் கேட்டாராம், "இது எப்பம்மா விட்டுச்சு?"

"வெரிசல் என்ன சொல்லிட்டா சார் வருது? தண்ணி வடிஞ்ச பெறகு பாத்தா இப்படி இருக்கு."

"தண்ணில விட்டுச்சா, அதுக்கு முன்னாடியே இருந்துச்சா? அதைச் சொல்லும்மா. முன்னாடியே இருந்ததுன்னா மழை நிவாரணத்துல வராது."

"அப்ப எதுலதான் வரும்?"

"அது வேற துறை."

மழையில் இடிந்தால் ஒரு துறை, மழைக்கு முன்பே இடியத் தொடங்கியிருந்தால் இன்னொரு துறை. அந்த இன்னொரு துறையில் தொகுப்பு வீடுகளைப் பழுதுபார்க்க அந்த வருடம் நிதி இல்லை. இரண்டு பக்கத்து வீட்டுக்கும் 'பழையது' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். மறுப்பு இருந்தால் ஆதாரத்தோடு மனு கொடுக்கலாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

கண்ணன் ஒரு யோசனையோடுதான் கூப்பிட்டிருந்தான். "போன பொங்கலுக்கு எடுத்த போட்டோ உன்கிட்ட இருக்குமுல்லக்கா? அதுல சுவரு நல்லாத் தெரியணும். பொங்கல்ல நல்லா இருந்துச்சு, கார்த்திகையில வுட்டுருச்சுன்னா மழையிலதானே?"

3

ஞாயிற்றுக்கிழமைதோறும் அம்மாவோடு வீடியோவில் பேசுவோம். இனியா நடந்தது, பல் முளைத்தது என்று ஏதாவது ஒரு காரணத்துக்காகத் திரையைப் படம் பிடித்து வைத்துக்கொள்வேன். அந்த வீட்டில் நடுச்சுவர் ஓரமாக உட்கார்ந்தால்தான் சிக்னல் விட்டுப்போகாது. அதனால் எல்லாப் படத்திலும் அம்மா அந்தச் சுவரில் சாய்ந்துதான் இருக்கிறாள். ஒரு மூலையில் சின்னதாக நாங்கள். அவளை மகிழ்விக்க இனியாவை ஏதாவது பேசச் சொல்லுவோம். அவள் "ஹோய்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடிவிடுவாள். இங்கே அதுதான் வணக்கம். "மாட்ட ஓட்டுற மாதிரியே கூப்புடுறாடி ஒம்மவ" என்று அம்மா சிரிப்பாள். பிறகு அவளும் "ஹோய்" சொல்லக் கற்றுக்கொண்டாள். பேத்தியோடு அவளுக்கு இருக்கும் பேச்சு பெரும்பாலும் அவ்வளவுதான்.

படங்களைப் பழையதிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தேன். இனியா கைக்குழந்தையாக இருக்கும் படத்திலேயே அம்மாவின் தலைக்கு மேலே முடி போல ஒரு கோடு இருந்தது. இனியா நடக்கும் படத்தில் அது நெற்றிக்கு நேராக இறங்கியிருந்தது. அவள் பள்ளிக்கூடம் போன முதல் நாள் படத்தில் அம்மாவின் தோள்வரை வந்துவிட்டது. நான் அந்தப் படங்களை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அம்மா இளைத்துவிட்டாளா, மருந்து சாப்பிட்டாளா என்று அவள் முகத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன். பெரிதாக்கும்போது சுவர் திரைக்கு வெளியே போய்விடும்.

ஒவ்வொரு பொங்கல் படத்திலும் மட்டும் சுவர் பாலாக வெளுத்திருந்தது. ஒரு கோடுகூட இல்லை.

உடனே அம்மாவைக் கூப்பிட்டேன்.

"அம்மா, பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறப்ப அந்த விரிசலைப் பூசுவியா?"

"பின்ன? நல்ல நாளும் அதுவுமா உங்க மாமியார் வீட்டு ஆளுங்கல்லாம் போன்ல பாப்பாங்க. சிமெண்டு கொஞ்சம், சுண்ணாம்பு கொஞ்சம் கொழைச்சு அப்பி வுட்டா, மாசி வரைக்கும் தாங்கும்."

"வருஷா வருஷமா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே."

"சொன்னா நீ என்ன செய்வ? தூங்க மாட்ட. அங்கேருந்து முழிச்சுக்கிட்டுக் கெடப்ப. அதுக்கா சொல்லணும்?"

நான் அதன்பிறகு நாள் முழுக்கக் கணவரைப் படுத்தி எடுத்தேன். பொங்கல் படம் பொய் இல்லை. அதில் இருக்கும் தேதி உண்மை, சுவரும் உண்மை. ஆனால் அதைமட்டும் அனுப்பினால் அது சொல்வது பொய். மற்ற படங்களையும் சேர்த்து அனுப்பி, 'இந்த வீட்டை நீங்கள்தான் கட்டினீர்கள், அது பல வருடங்களாக விழுந்துகொண்டிருக்கிறது, மழை கடைசியாக ஒரு கை வைத்தது, அவ்வளவுதான், பொறுப்பு உங்களுடையது' என்று எழுதினால் என்ன?

"எழுதலாம்" என்றார் அவர். "வேற துறைக்கு அனுப்புன்னு பதில் வரும். உங்கம்மா அந்தச் சுவத்துக்கடியிலயே படுத்திருப்பாங்க. அவங்க கேட்டது பொங்கல் படம். அதை அனுப்பு."

அனுப்பினேன்.

4

தை மாதத்தில் ஊரில் சிறப்பு கிராம சபைக் கூட்டம் நடந்தது. வெள்ளத்துக்குப் பிறகு வந்திருக்கும் பணத்தை எதற்குச் செலவழிப்பது என்று பேச. கண்ணன் கைபேசியைச் சட்டைப் பையில் வெளியே பார்த்தபடி வைத்துக்கொண்டு எனக்குக் காட்டினான். எதிரில் உட்கார்ந்திருந்தவர்களின் முழங்கால்களும், மரத்தடியும், பஞ்சாயத்துத் தலைவரின் சேலைக் கரையும் தெரிந்தன. குரல்கள் தெளிவாகக் கேட்டன.

தலைவர் சின்ன வயதுப் பெண்தான். "வீட்டுக்குப் பஞ்சாயத்துல ஒதுக்க முடியாதுங்க. இந்தப் பணம் பொது வேலைக்கு. வடிகாலா, ரோடா, பள்ளிக்கூடச் சுவரா, அதைச் சொல்லுங்க."

"வீடு கட்டினது நீங்கதானே?" என்றது ஒரு குரல்.

"நான் கட்டலங்க. நான் அப்ப பொறக்கவே இல்ல."

சிரிப்பு எழுந்தது. பிறகு ஊர்த் தெரு விவசாயி ஒருவர் எழுந்தார். குரலில் பதற்றம் இருந்தது. "வடிகாலை வெட்டுங்க மொதல்ல. மதகைப் பெருசாக்கச் சொல்லி நெடுஞ்சாலைக்குத் தீர்மானம் போடுங்க. தண்ணி வடிஞ்சாத்தான் பயிரு நிக்கும், வீடும் நிக்கும். வடிகால் இல்லாம நீங்க மாளிகையே கட்டினாலும் அடுத்த ஐப்பசியில அதுவும் தண்ணியிலதான் நிக்கும்."

அவர் சொன்னதில் தவறில்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. யாராவது அநியாயமாகப் பேசியிருந்தால் கோபப்பட்டிருக்கலாம்.

வசந்தா அக்காவின் குரல் கேட்டது. "வடிகால் வெட்டி முடிக்கிற வரைக்கும் எங்க தளம் விழாம இருக்குமான்னு அதையும் தீர்மானத்துல எழுதுங்க. எழுதினா அதுவும் கேட்டுக்கும்."

"நீ ஏன் கவலப்படுற வசந்தா? ஊரு முகப்புல வளைவு கட்டுறாங்கல்ல, சட்டமன்ற நிதியில. புது கான்கிரீட்டு. அதுக்கடியில பாயப் போட்டுக்குவோம்" என்றார் வேறொருவர். கூட்டம் முழுக்கச் சிரித்தது. தலைவரும் சிரித்துவிட்டார். அந்த வளைவை அவர் கேட்டு வாங்கவில்லையாம். அந்த நிதியில் வளைவு கட்டலாம், சுவர் கட்ட முடியாதாம்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. கண்ணனிடம் கைபேசியை எடுக்கச் சொல்லி, எல்லோருக்கும் கேட்கும்படி பேசினேன். உயிருக்கு ஆபத்து உள்ள இடத்துக்குத்தான் முன்னுரிமை அளிக்க வேண்டும், அதன்பிறகே மற்றவை என்றேன். மேடைத் தமிழில்தான் வந்தது. இங்கே வீட்டுக்கு வெளியே தமிழ் பேச ஆளில்லாமல் இருந்து, இப்படிக் கூட்டத்தில் பேசும்போது எனக்குப் பாடப்புத்தகம் மாதிரி வந்துவிடுகிறது.

"யாரு, செல்லம்மா மவளா? அங்க மழையாம்மா?" என்று கேட்டார் ஒரு பெரியவர்.

"தூறல்தாங்க."

"ம். தூறல்ல நனையாம பேசு."

அவர் கேலியாகச் சொன்னாரா, அக்கறையாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. முகம் தெரியவில்லையே.

பிறகு அம்மா எழுந்தாள். அவள் கூட்டத்தில் பேசி நான் பார்த்ததே கிடையாது. "வடிகாலையே வெட்டுங்க" என்றாள். "எம்மவன் குத்தகைக்கு எடுத்து நட்டது அத்தனையும் அழுகிப்போச்சு. இன்னொரு வருஷம் அழுகினா அவன் திருப்பூருக்குப் போயிடுவான். வீட்டுக்குத்தான் மனு போட்டிருக்கே."

கண்ணன் தலையைக் குனிந்து, கைபேசி பிடித்த கையையும் இறக்கிவிட்டான் போலிருக்கிறது; எனக்கு மரத்தின் உச்சிக் கிளை மட்டும் தெரிந்தது. தீர்மானம் வடிகாலுக்கே ஆனது. எனக்கு அம்மாமேல் கோபம். அவள் பக்கம் நின்று நான் பேசினேன், அவளே எதிர்ப்பக்கம் போய்விட்டாள் என்று. அங்கே அழுகிய பயிரின் நாற்றத்தை மோந்துகொண்டு உட்கார்ந்திருந்தால் நானும் வடிகாலைத்தான் சொல்லியிருப்பேனோ என்று அப்புறம் தோன்றியது. வீடா வடிகாலா என்று கேட்க வைத்தவர்கள் யாரும் அந்தக் கூட்டத்தில் இல்லை.

5

மாசியில் அம்மாவுக்கு உத்தரவு வந்தது. பொங்கல் படம் வேலை செய்திருந்தது. 'மழையால் முழுதும் பழுது' என்று மாற்றி எழுதி, பழைய வீட்டை இடித்துவிட்டுப் புது வீடு கட்டிக்கொள்ள அனுமதித்திருந்தார்கள். இடித்து, அஸ்திவாரம் போட்டு, அதைப் படம் எடுத்துக் காட்டினால் முதல் தவணை.

இனியாவைத் தூக்கிச் சுற்றினேன். அவள் டச்சில் ஏன் என்று கேட்டாள். அம்மாச்சிக்குப் புது வீடு என்றேன். "பழைய வீட்டை அவங்க என்ன செய்வாங்க?" என்று அதையும் டச்சிலேயே கேட்டாள். தமிழில் கேள் என்று சொல்ல அன்றைக்கு எனக்கு மனம் வரவில்லை.

பங்குனி போனது. சித்திரை போனது. அம்மா வீட்டை இடிக்கவில்லை. உத்தரவில் கொடுத்த கெடு போய்விடும் என்று நான் இங்கிருந்து கத்தினேன். ஆள் கிடைக்கவில்லை, வெயில் அதிகம், செவ்வாய்க்கிழமை என்று எதையாவது சொன்னாள். கடைசியில் ஒரு நாள் சொன்னாள்.

"வசந்தா மனுவத் தள்ளிட்டாங்கடி. அவ பக்கம் பழைய வெரிசலாம்."

"ஒரே சுவர்தானேம்மா?"

"ஒரே சுவருதான். எம்பக்கம் புதுசு, அவ பக்கம் பழசு."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. அந்தப் பொங்கலுக்கு முந்தைய ஆவணியில்தான் வசந்தா அக்காவின் வீட்டுக்காரர் இறந்துபோனார். துக்கம் நடந்த வீட்டில் அந்த வருடம் பொங்கல் கிடையாது. பொங்கல் இல்லையென்றால் வெள்ளையடிப்பது இல்லை. அதனால் அவர் பக்கத்து விரிசலில் புகையும் ஒட்டடையும் படிந்து, பார்த்தாலே பழையது என்று தெரிந்தது. படம் எடுத்து வைக்கவும் அந்த வீட்டில் அந்த வருடம் எந்த நல்ல காரியமும் நடக்கவில்லை. அம்மா பக்கம், பூசிய பூச்சு பிளந்து வெள்ளையாகத் தெரிந்தது, புதிதாக.

"எம்பக்கத்த இடிச்சா அவ பக்கம் நிக்குமா? தளமும் ஒன்னு. ரெண்டு பொட்டப்புள்ளைங்கள வச்சுக்கிட்டு அவ எங்க போவா? எம்வீட்ட நான் கட்டிக்கிறேன், நீ தெருவுல நில்லுன்னு எந்த மூஞ்சியோட சொல்லுவேன்?"

வசந்தா அக்காவுக்காக நானே இணையத்தில் மனு எழுதினேன். இரு வீடுகளுக்கும் சுவர் பொது, ஒன்றைப் பழையது என்றும் மற்றதைப் புதியது என்றும் சொல்ல முடியாது என்று விளக்கமாக எழுதினேன். பதில் வந்தது. ஒவ்வொரு பயனாளியின் மனுவும் தனித்தனியே பரிசீலிக்கப்படும்; இம்மனு முடித்து வைக்கப்படுகிறது. திரும்ப எழுதினேன். திரும்பவும் முடித்து வைத்தார்கள்.

அதன்பிறகு ஒருநாள் அம்மா, வசந்தா அக்காவைக் கூட்டிக்கொண்டு தாலுகா அலுவலகத்துக்கே போய்விட்டாள். கூடப் போன கண்ணன் எனக்குச் சொன்னான். சொல்லும்போது அவனுக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

"போன ஒடனே அந்த சார்கிட்ட சொல்லுதுக்கா, 'சார், எம்பக்கமும் பழைய வெரிசல்தான் சார். வருசா வருசம் நாந்தான் பூசுவேன். இவ வீட்டுல துக்கம், அதனால பூசல. ரெண்டையும் ஒரே மாதிரி எழுதிக் குடுங்க'ன்னு."

"அவர் என்ன சொன்னாரு?"

"அவரு பேனாவக் கீழ வச்சுட்டாரு. 'ஏம்மா, தெரிஞ்சுதான் பேசுறியா? இத நான் கேட்டுட்டேன்னா ஒன்னோடதையும் ரத்து பண்ணணும்மா'ன்னாரு. பாவம், அந்த ஆளு கதவப் பாத்துட்டு மெதுவாத்தான் சொன்னாரு. 'வீட்டுக்குப் போம்மா, நான் எதுவும் கேக்கல'ன்னு கூடச் சொன்னாரு."

"அம்மா?"

"'ஒரே மாதிரி எழுதுறதுன்னா ரெண்டு பேருக்கும் குடுக்குறதுன்னு எழுதலாமுல்ல சார்? ரெண்டு பேருக்கும் இல்லன்னுதான் எழுத வருமா?'ன்னு கேட்டுச்சு. பக்கத்து மேசையில இருந்த ஆளு காதுல இது விழுந்துருச்சு. எழுத்துல குடுக்கச் சொன்னாங்க. குடுத்துருச்சு."

இரண்டு வாரத்தில் அம்மாவின் உத்தரவு ரத்தானது.

நான் அழுதேன், திட்டினேன். உனக்கு என்னம்மா வந்தது, வசந்தா அக்காவுக்கும் இப்போது ஒன்றும் கிடைக்கவில்லையே, உனக்கும் போய்விட்டதே, யாருக்கு என்ன லாபம் என்று கேட்டேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்குலேருந்துதான் அவ எங்கூடச் சரியாப் பேசுறா" என்றாள்.

இதை எழுதும்போதும் நான் தீர்மானத்துக்கு வரவில்லை. அம்மா செய்தது சரியா என்று கேட்டால் சரி என்பேன். என் மகளுக்கு நான் அதைச் செய்வேனா என்று கேட்டால், மாட்டேன். கதவை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டு 'நான் கேட்கவில்லை' என்று சொன்ன அந்த மனிதரிடம் வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்திருப்பேன். அவ்வளவு நிச்சயமாகத் தெரிகிறது.

6

இங்கே எங்கள் வீட்டு விரிசலுக்கு இழப்பீடு வந்து, ஆள் வந்து அடைத்துவிட்டுப் போனார். ஹென்க்கின் வீட்டை முழுக்க இடித்துத்தான் கட்ட வேண்டும் என்று இப்போது முடிவாகியிருக்கிறதாம். எப்போது என்று சொல்லவில்லை.

ஊரில் கோடையில் வடிகாலை வெட்டினார்கள். பொக்லைன் வைத்து ஆகாயத்தாமரையை அள்ளிக் கரையில் மலை போலக் குவித்து, அடிவரை ஆழப்படுத்தினார்கள். தலைவர் ஒவ்வொரு நாளும் வந்து நின்றாராம். எப்படியோ அலைந்து, மதகையும் அகலப்படுத்த வைத்துவிட்டார். நல்ல வேலை. சொல்ல வேண்டும். இந்த ஐப்பசியில் முதல் பெரிய மழை போன வாரம் பெய்தது. வயலில் தண்ணீர் ஏறியது, மறுநாளே இறங்கிவிட்டது. தெருவுக்குள் வரவே இல்லை. கண்ணன் தன் சம்பாப் பயிரை வீடியோ எடுத்து அனுப்பினான், தண்ணீருக்கு மேலே தலை நிமிர்ந்து நிற்கிறது. அவன் குரலில் அவ்வளவு சந்தோஷத்தைக் கேட்டு ரொம்ப நாளாகிறது.

மழை பெய்த நாட்களில் அம்மாவும், வசந்தா அக்காவும், அவருடைய பெண்களும் எதிர்சாரியில் இருக்கும் கண்ணனின் தகர வீட்டில் வந்து படுத்துக்கொண்டார்கள். நடுச்சுவருக்கு இரண்டு பக்கமும் பனங்கட்டையால் முட்டுக்கொடுத்திருக்கிறான். நேற்று மழை விட்டதும் எல்லோரும் அவரவர் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். தகர வீட்டில் இடம் போதாது. கண்ணன் மனைவிக்கு இது மாசமான நேரம் வேறு.

மழை விட்டது என்று கேட்டு நானும் நிம்மதியாக மூச்சு விட்டேன். நல்லவேளை, தண்ணீரும் வடிந்துவிட்டது, ஆபத்து தாண்டிவிட்டது என்று கண்ணனிடம் சொன்னேன். அவன் "அது இல்லக்கா" என்று இழுத்தான்.

"என்னடா?"

"மழையில சுவரு விழாதுக்கா. நனைஞ்சு ஊறி ஒட்டிக்கிட்டு நிக்கும். பெறகு காயுறப்பத்தான் விடும்."

"அப்ப அம்மாவ அங்க போக விடாதடா."

"சொன்னேன். எத்தினி நாளைக்குடா ஒம்பொண்டாட்டிய நெருக்குறதுங்குது."

இன்று காலையில் இனியாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்து அம்மாவைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வயலுக்குப் போயிருப்பாள், துணி துவைக்கப் போயிருப்பாள், கைபேசியைச் சார்ஜில் போட்டுவிட்டு மறந்திருப்பாள். எப்போதும் நடப்பதுதான். தம்பிக்கு எழுதினேன், அங்கே எப்படி இருக்கிறது என்று.

வயலிலிருந்து பதில் அனுப்பியிருக்கிறான். பளிச்சென்று வெயில் அடிக்கிறதாம்.

அம்மாவுக்கு மறுபடியும் மணி அடித்துக்கொண்டிருக்கிறது.